நாழி முதல் லிட்டர் வரை: முகத்தலளவையும் மொழியும்



தங்காக் நகரை இந்நாட்டு மக்கள் துணிக்கடைகளின் ஊராக அறிவர். கடைக்காரர் துணியை விரித்துக் கோலால் அளந்து வெட்டும் காட்சியைக் காணாமல் இவ்வூர்க் கடைத்தெருவைக் கடந்து செல்ல இயலாது. நீட்டலளவைக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் முகத்தலளவையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உண்டு. கடைத்தெருவுக்கு அப்பால், சாகில், புக்கிட் கம்பிர் எனக் குனோங் லேடாங்கின் அடிவாரத்தைச் சுற்றிப் பரந்துகிடந்த இரப்பர் தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்க்கை வாளிக் கணக்கில் அளக்கப்பட்டது. எத்தனை கேலன் பால் என்பதே அன்றைய கூலியைத் தீர்மானிக்கும் முதல் எண்ணாக இருந்தது.

நான் கணித ஆசிரியன் அல்லன், மொழியியல் படித்தவன். ஆயினும், ஓர் அளவை மற்றோர் அளவாக மாற்றுவது பெருக்கலும் வகுத்தலும் மட்டும் அன்று, அதற்கு முன்னரே சொல்லின் பொருளைத் தீர்மானிக்கும் மொழிச்செயல் ஒன்று நிகழ்கிறது என்பது என் கருத்து. அச்செயலில் தவறினால் கணக்கு எவ்வளவு சரியாக இருப்பினும் விடை தவறாகும். இதனைத் தமிழர் அளவை வரலாற்றின் துணைகொண்டு விளக்க முற்படுகிறேன்.

கலத்தின் பெயரே அளவின் பெயர்

அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எந்தெந்த எழுத்துகளில் தொடங்கும் என்பதைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் தொகைமரபில் வரையறுக்கிறது. க, ச, த, ப, ந, ம, வ, அ, உ ஆகிய ஒன்பதும் அவ்வெழுத்துகள். அந்நூற்பாவுக்கு உரையாசிரியர் தரும் அளவுப் பெயர்கள் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்பன.

இப்பட்டியலை மாணவர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். சாடி, பானை, அகல் ஆகியவை இன்றும் நாம் அறிந்த பாண்டங்கள். மண்டை என்பது உண்கலம். வட்டி என்பது கூடை போன்ற ஒரு கொள்கலம். நாழி என்னும் சொல் உள்ளே துளையுள்ள குழாயைக் குறித்தது. மூங்கிற்கணு ஒன்றை வெட்டி அளக்கும் கருவியாக்கிய காலத்தை அச்சொல் நினைவூட்டுகிறது. ஆக, முதலில் பாண்டம். பின்னர் அப்பாண்டம் கொள்ளும் அளவு. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. இலக்கணத்தார் இதனை ஆகுபெயர் என்பர்.

இது தமிழுக்கு மட்டும் உரிய இயல்பு அன்று. ஆங்கிலேயர் கொணர்ந்த கேலன் என்னும் சொல்லும் பண்டை ஐரோப்பிய மொழிகளில் வாளியைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததே. லிட்டரின் வரலாறு இன்னும் வியப்பானது. லித்ரா என்னும் கிரேக்கச் சொல் ஒரு நிறையின் பெயர். அதன் வழிவந்த பிரெஞ்சுச் சொல் ஒரு முகத்தலளவைக்குப் பெயராகி, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மெட்ரிக் முறையின் அலகுப் பெயராயிற்று. நிறைப் பெயர் கொள்ளளவுப் பெயராக மாறியிருக்கிறது. சொல் ஒன்றாக இருக்க, அது குறிக்கும் அளவு மாறலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

புணர்ச்சி விதிகளிலும் முகத்தலளவைக்குத் தொல்காப்பியர் தனியிடம் தந்துள்ளார். நாழி என்பதோடு உரி சேரும்போது நாடுரி என்றாகும். உரி என்பது அரைநாழி; ஆகவே நாடுரி என்பது ஒன்றரை நாழி. மூன்று என்பதோடு உழக்குச் சேரும்போது மூவுழக்கு என்பதோடு மூழக்கு என்றும் வரலாம் என்று வழக்கை ஏற்றுக்கொள்கிறார். உழக்கு என்பது கால்நாழி. ஆகவே மூழக்கு என்பது முக்கால் நாழி. அன்றாடம் ஆயிரம் முறை வாயில் வந்த சொற்கள்தாம் இவ்வாறு தேய்ந்து சுருங்கும். நெய்யும் பாலும் எண்ணெயும் அளந்த மக்களின் பேச்சு, இலக்கண நூலில் விதியாகப் பதிந்து நிற்கிறது.

அளத்தலின் வகைகளைக் கூறுமிடத்து உரையாசிரியர் பெய்தளத்தல் என்றும் தேங்கமுகந்தளத்தல் என்றும் இரண்டைத் தனித்தனியே சொல்வர். கூலத்தைக் கருவியில் பெய்து அளக்கிறோம்; அதைத் தலைதட்டியும் அளக்கலாம், குவித்தும் அளக்கலாம். நீர்ப்பொருளைக் குவிக்க முடியாது. விளிம்புவரை தேங்கி நிற்பதே அதன் அளவு. அதனால் எண்ணெயும் பாலும் நெல்லைவிட ஏமாற்றுக்கு இடங்கொடாதவை எனத் தோன்றும். அது முழுமையும் உண்மையன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

யாருடைய நாழி?

முதலாம் இராசராசன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது. அக்கோயிற் கல்வெட்டுகளில் விளக்குக் கொடைகள் பலவாகக் காணப்படுகின்றன. ஒரு திருவிளக்கு இடையறாது எரிய, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அந்நெய்யை அளக்க 96 ஆடுகளையேனும், 48 பசுக்களையேனும், 16 எருமைகளையேனும் இடையர்களிடம் ஒப்படைத்தனர்.

இதனுள் ஓர் அழகிய மாற்றுக் கணக்கு அமைந்திருக்கிறது. 96ஐ 48ஆல் வகுத்தால் ஒரு பசு இரண்டு ஆடுகளுக்கு நிகர்; 16ஆல் வகுத்தால் ஓர் எருமை ஆறு ஆடுகளுக்கு நிகர். ஒருவர் 12 ஆடும் 30 பசுவும் கொடுக்க முன்வந்தால், ஒரு விளக்குக்கு இன்னும் எத்தனை எருமை வேண்டும்? 12 ஆட்டோடு 30 பசுவுக்குரிய 60ஐக் கூட்டினால் 72. எஞ்சிய 24 ஆட்டுக்கு ஈடு 4 எருமை. நம் பள்ளிப் பிள்ளைகள் எளிதில் செய்யத்தக்க இக்கணக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கோயிலின் விளக்கு அணையாதிருக்கப் போடப்பட்ட கணக்கு.

அதே கல்வெட்டுகளில் இன்னொரு செய்தியும் உண்டு. எந்த அளவுகருவியால் அளக்க வேண்டும் என்பதையும் அவை பெயர் சொல்லிக் குறிக்கின்றன. இராசகேசரியோடு ஒத்த ஆடவல்லான் என்னும் மரக்கால் என்பது அங்கே வரும் வழக்கு. ஆடவல்லான் இறைவன் பெயர். இராசகேசரி சோழ மன்னர்தம் பட்டப்பெயர். அருமொழிதேவன் மரக்கால் என்றும், பிழையா நாழி என்றும், பல்லவர் காலத்தில் விடேல்விடுகு உழக்கு என்றும் வேறு கல்வெட்டுகளில் காண்கிறோம்.

ஏன் இத்தனை பெயர்கள்? நாழி என்று மட்டும் சொன்னால் அஃது எவ்வளவு என்பது விளங்காது. ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில் கருவி வேறுபட்டது. கொடுப்பவன் சிறிய நாழியாலும் பெறுபவன் பெரிய நாழியாலும் அளக்க நினைப்பது இயல்பு. அதனால் கொடையை எழுதியவர்கள் கருவியின் பெயரையும் கல்லில் வெட்டினர். பிழையா நாழி என்னும் பெயரே, பிழைத்த நாழிகளும் வழக்கில் இருந்தன என்பதைச் சொல்லாமற் சொல்கிறது. அலகின் பெயரைக் கேட்டவுடன், இது யாருடைய அலகு என்று வினவும் வழக்கம் நம்மிடம் அன்றே இருந்தது. இவ்வுரையின் மையக் கருத்தும் அதுவே.

திண்ணைப் பள்ளியின் வாய்பாடு

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரமும், திண்ணைப் பள்ளிகளில் ஓதப்பட்ட எண்சுவடியும் நெல்லிலக்கமும் முகத்தலளவையைப் பிள்ளைகளின் நாவில் ஏற்றின. வாய்பாடு இவ்வாறு அமையும்:

5 செவிடு = 1 ஆழாக்கு
2 ஆழாக்கு = 1 உழக்கு
2 உழக்கு = 1 உரி
2 உரி = 1 நாழி
8 நாழி = 1 குறுணி
2 குறுணி = 1 பதக்கு
2 பதக்கு = 1 தூணி
3 தூணி = 1 கலம்

நாழியைப் படி என்றும், குறுணியை மரக்கால் என்றும் வழங்குவர். இவ்வாய்பாட்டின் நடுப்பகுதி முழுவதும் இரண்டு இரண்டாகப் பெருகுவதைக் காணலாம். ஆழாக்கு என்பது அரைக்கால் நாழி, உழக்குக் கால், உரி அரை. எழுத்தறியாத ஒருவரும் ஒரு கலத்திலுள்ள பாலை இரண்டாகவும், அதனை மீண்டும் இரண்டாகவும் கண்ணால் பகுத்துவிட முடியும். பத்தாகப் பகுப்பது அவ்வளவு எளிதன்று. இரட்டித்தல் முறை கைக்கும் கண்ணுக்கும் ஏற்றது. பதின்ம முறை எழுத்துக்கும் ஏட்டுக்கும் ஏற்றது. ஒன்று அறியாமை, மற்றொன்று அறிவு என்று கொள்வது பிழை.

முற்கூறிய விளக்கு நெய்யையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஓர் உழக்கு எனில் 360 நாளுக்கு 360 உழக்கு. நான்கு உழக்கு ஒரு நாழி. ஆகவே 90 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. ஆகவே 11 குறுணியும் 2 நாழியும். இதனை இருதூணி, பதக்கு, குறுணி, இருநாழி என்று சொல்லலாம். மாணவர்கள் இன்று மில்லிலிட்டரை லிட்டராக்கும்போது செய்வதும் இதே செயல்தான். அங்கே ஒவ்வொரு படியிலும் வகுக்கும் எண் மாறும், இங்கே எப்போதும் ஆயிரம்.

செவிடு எவ்வளவு என்பதற்கு 360 நெல் என்பது மரபு. அவ்வாறாயின் ஒரு நாழிக்கு 360ஐ 5ஆலும் 8ஆலும் பெருக்க வரும் 14,400 நெல். அளவுகருவி கையில் இல்லாதவரும் நெல்லை எண்ணித் தம் கருவியைச் சரிபார்க்கலாம் என்பது இதன் பயன். இதனை இக்காலக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் நெல்மணிகளின் நிறையை ஏறக்குறைய 25 கிராம் எனக் கொண்டால் 14,400 மணிகள் 360 கிராம் இருக்கும். ஒரு லிட்டர் நெல்லின் நிறை ஏறக்குறைய 580 கிராம். ஆகவே அந்த நாழி ஏறக்குறைய 0.62 லிட்டர் என்று வருகிறது. பிற்காலத்தில் தமிழ்நாட்டுக் கடைகளில் புழங்கிய பெரிய படியோ ஒரு லிட்டருக்கும் மிக்கது. வாய்பாடு ஒன்றே, பெயரும் ஒன்றே. ஆனால் அளவு ஒன்றன்று.

மலையாள நாட்டில் நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. யாழ்ப்பாணத்தில் நான்கு சுண்டு ஒரு கொத்து. நம் பாட்டன்மார் கப்பலேறியபோது ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் படியை மனத்தில் சுமந்தே வந்தனர். இங்கு வந்திறங்கியதும் அவர்கள் கற்க நேர்ந்த முதற்பாடங்களுள் ஒன்று, இந்நாட்டு அளவு.

சுப்பாக்கும் கந்தாங்கும்

மலாய் மக்களின் முகத்தலளவையில் நான்கு சுப்பாக் ஒரு கந்தாங். சுப்பாக் என்பது தேங்காய்ச் சிரட்டையாலோ மூங்கிலாலோ ஆகிய அளவுகருவி. நம் நாழி குழாயிலிருந்து வந்ததுபோல், அவர்தம் அளவும் கையருகே கிடைத்த பொருளிலிருந்தே பிறந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் கந்தாங் என்பது ஆங்கில கேலனுக்குச் சமமாக வரையறுக்கப்பட்டது. எனவே ஒரு கந்தாங் 4.546 லிட்டர், ஒரு சுப்பாக் அதன் காற்பங்கு, அதாவது ஏறக்குறைய 1.137 லிட்டர்.

ஒரு சுப்பாக் ஒருநாளும் ஒரு கந்தாங் ஆகாது என்னும் பொருளில் மலாய்ப் பழமொழி ஒன்று உண்டு. அவரவர்க்கு அமைந்த அளவே அமையும் என்பது அதன் கருத்து. நாழியைக் கடலில் எவ்வளவு ஆழ அமிழ்த்தினும் அது நான்கு நாழி நீரை முகவாது என்னும் கருத்து ஔவையாரின் மூதுரையில் வருவதை மாணவர்கள் அறிவீர்கள். இரு மொழியினரும் ஒன்றுக்கு நான்கு என்னும் அதே விகிதத்தை எடுத்து, அதே உண்மையைச் சொல்லியிருக்கின்றனர்.

நோன்புப் பெருநாளையொட்டி முஸ்லிம் அன்பர்கள் வழங்கும் ஃபித்ரா இன்றும் கந்தாங் கணக்கில் கூறப்படுகிறது. ஆனால் அது பாக்தாத் கந்தாங், ஏறக்குறைய 2.7 கிலோகிராம் அரிசி. ஆங்கிலேயர் வரையறுத்த கந்தாங் அரிசியோ மூன்றரைக் கிலோகிராமுக்கு மேல் நிறுக்கும். கந்தாங் என்று மட்டும் சொன்னால் குழப்பம் நேரும் என்பதால் பாக்தாத் என்னும் அடைமொழி உடன் வருகிறது. சோழர் கல்வெட்டின் ஆடவல்லான் மரக்காலுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே.

பால் வாளியும் கேலன் கணக்கும்

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் 1896இல் இரப்பரைப் பயிரிட்டார். பின்னர் தங்காக்கின் அண்டைப் பகுதியான அசகானில் பெரிய அளவில் தோட்டம் எழுந்தது. அதன்பின் குனோங் லேடாங்கின் நாற்புறமும் இரப்பர் பரவியது. மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, தலையிலும் தோளிலும் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுவருவது தொழிலாளியின் கடமை. அங்கே பால் கேலன் கணக்கில் அளக்கப்படும்.

நீர்ப்பொருள் ஏமாற்றுக்கு இடங்கொடாது எனத் தோன்றும் என்றேன். பால் அவ்வாறன்று. மழைநீர் கலந்த பாலும் கெட்டியான பாலும் ஒரே வாளியை நிரப்பும். ஆனால் அவற்றிலுள்ள இரப்பர் ஒன்றன்று. ஆகவே கொள்ளளவு மட்டும் போதாது. மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டு, ஒரு கேலனில் எத்தனை பவுண்டு உலர்ந்த இரப்பர் உள்ளது என்று படிப்பார்கள். இரப்பர் நீரைவிட இலேசானது. ஆதலால் பாலில் இரப்பர் மிகுந்தால் கருவி ஆழ்ந்து மிதக்கும், குறைந்தால் உயர்ந்து நிற்கும். கேலன் எண்ணையும் மெட்ரோலாக் எண்ணையும் பெருக்கினால் கிடைப்பது இரப்பரின் நிறை. கூலி அந்நிறையைச் சார்ந்தது.

ஒருவர் 5 கேலன் பால் கொணர்ந்து, கருவி 3 பவுண்டு காட்டினால், இரப்பர் 15 பவுண்டு. கருவியைப் படிப்பவர் கால் பவுண்டு குறைத்துப் படித்துவிட்டால் 13¾ பவுண்டு. கண் ஒரு கோடு பிசகினால் ஒன்றேகால் பவுண்டு இழப்பு.

என் சிறுவயது நினைவு ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பின்னப் பெருக்கல் கற்ற ஆண்டு அது. தந்தையார் கொண்டுவந்த கணக்குச் சீட்டில் 5½ கேலன், 2¾ பவுண்டு என்றிருந்தது. கற்ற பாடத்தைச் சோதித்துப் பார்க்கும் ஆசையில் பெருக்கினேன். 15⅛ வந்தது. சீட்டில் இருந்ததோ 13⅛. நான்தான் தவறு செய்திருப்பேன் என்றெண்ணி இருமுறை மீண்டும் போட்டேன். மறுநாள் தந்தையார் சீட்டைக் கொண்டுசென்று காட்ட, கணக்கர் பார்த்துவிட்டுத் திருத்திக் கொடுத்தார். அவர் மீது குறைசொல்ல இயலாது. நூறு சீட்டு எழுதும் கையில் ஓர் இலக்கம் பிசகுவது இயல்பு. ஆனால் அன்றிரவு தந்தையார் ஒன்றும் பேசவில்லை. முந்தைய மாதங்களின் சீட்டுகளெல்லாம் அடுப்பெரிக்கப் போயிருந்தன. அவற்றில் எத்தனை இலக்கம் பிசகியிருந்தனவோ என்பதை இனி எவராலும் காண முடியாது. கணக்கு அறியாமைக்கு விலை உண்டு என்பதை நான் கற்றது அன்றுதான்.

கொட்டகைக்குள் இன்னொரு கணக்கும் நடந்தது. தாள் இரப்பராக உறையவைப்பதற்கு முன், பாலில் நீர் கலந்து, கேலனுக்கு ஒன்றரைப் பவுண்டு என்னும் நிலைக்குக் கொணர்வர். 3 பவுண்டு காட்டும் பால் 40 கேலன் இருப்பின், அதிலுள்ள இரப்பர் 120 பவுண்டு. அதனை 1½ஆல் வகுக்க 80 கேலன். ஆகவே 40 கேலன் நீர் சேர்க்க வேண்டும். பால் 2¾ பவுண்டு காட்டினால் இரப்பர் 110 பவுண்டு. வேண்டும் மொத்தம் 73⅓ கேலன். சேர்க்கும் நீர் 33⅓ கேலன். பள்ளியை எட்டிப்பாராத பெரியவர்கள் இதனை மனக்கணக்காகச் செய்ததை நான் கண்டிருக்கிறேன். இரட்டித்தும் பாதியாக்கியும் கணக்கிடும் திண்ணைப் பள்ளி மரபு அவர்கள் நாவில் எஞ்சியிருந்தது என்றே கருதுகிறேன்.

லிட்டர் வந்த காலம்

இந்தியா 1956இல் சட்டம் இயற்றி மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் அம்மாற்றத்துக்கு வழிவகுத்தது. அதன் பின்னர்ப் படிப்படியாகக் கேலனும் பவுண்டும் காத்தியும் கடைகளிலிருந்து விடைபெற்றன. மெட்ரோலாக் கருவியும் ஒரு லிட்டருக்கு இத்தனை கிராம் என்று காட்டலாயிற்று. கேலனுக்கு 3 பவுண்டு என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 300 கிராம். 5 கேலன் என்பது 22.73 லிட்டர். இரண்டையும் பெருக்கினால் 6.8 கிலோகிராம், அதுவே பழைய 15 பவுண்டு. பால் மாறவில்லை, மரம் மாறவில்லை, எண்கள் மட்டும் மாறின.

ஆனால் மக்களுக்கு எண்கள் மாறுவது எளிய செய்தியன்று. என் அன்னையார் கடையில் எண்ணெயைப் போத்தல் கணக்கில் வாங்கிப் பழகியவர். லிட்டர் வந்தபின் கடைக்காரரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: “லிட்டர்னா எத்தன போத்தலு தம்பி?” கடையிலிருந்தவர்கள் சிரித்தனர். இன்று நினைக்கையில், அங்கே சரியான வினாவைக் கேட்டவர் அவர் ஒருவரே. வீட்டிலிருந்த போத்தலைப் பின்னாளில் அளந்து பார்த்தேன். ஏறக்குறைய முக்கால் லிட்டர் கொண்டது. நான்கு போத்தல் மூன்று லிட்டர். எடுத்துக்காட்டாக, போத்தல் 60 காசு என்றிருந்த எண்ணெய், லிட்டர் 85 காசு என்று வந்தால் விலை ஏறியதா, இறங்கியதா? முக்கால் லிட்டர் 60 காசு எனில் ஒரு லிட்டர் 80 காசு. ஆகவே 5 காசு ஏறியிருக்கிறது. மாற்றுக் கணக்கு அறியாதவர் இதனை உணரார். அலகு மாறும் காலங்களில் வாய்பாட்டைக் கையில் வைத்திருப்பவர்க்கும் இல்லாதவர்க்கும் இடையே இவ்வாறு ஓர் இடைவெளி விழுகிறது.

இவ்விடைவெளியில் படித்தவர்களும் விழுவதுண்டு. 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து இயந்திரங்கள் அணைந்தது. அப்போது கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. பயணத்துக்கு வேண்டிய எரிபொருள் 22,300 கிலோகிராம். தொட்டியில் கோலிட்டுப் பார்த்ததில் 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரை நிறையாக மாற்ற 1.77ஆல் பெருக்கினர். அந்த எண் தவறானதன்று. ஆனால் அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். கிலோகிராமாக்கும் எண் 0.8 அளவினது. விளைவு, ஏறக்குறைய 20,000 லிட்டர் சேர்க்க வேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாகவே சேர்த்தனர். விமானி இயந்திரமற்ற விமானத்தைக் கிம்லி என்னும் ஊரிலிருந்த பழைய ஓடுதளத்தில் திறம்பட இறக்கியதால் அதிலிருந்த அனைவரும் உயிர் பிழைத்தனர். பெருக்கலில் பிழையில்லை. விடையாக வந்த எண் யாருடைய அலகில் நிற்கிறது என்று எவரும் கேட்கவில்லை. என் அன்னையார் கேட்ட கேள்வியை அங்கே ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

வகுப்பறைக்குச் சில சொற்கள்

நம் தமிழ்ப்பள்ளிகளில் கணிதம் 2003ஆம் ஆண்டு முதல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டதையும், அக்கொள்கை கைவிடப்படும் என்று 2009இல் அறிவிக்கப்பட்டதையும் ஆசிரியர்கள் அறிவீர்கள். இன்று கொள்ளளவு என்னும் சொல் மீண்டும் நம் பிள்ளைகளின் நாவில் இருக்கிறது. அச்சொல்லின் அமைப்பே பாடத்தைச் சொல்கிறது: கலம் கொள்ளும் அளவு கொள்ளளவு. இச்சொல்லை விளக்காமல் வாய்பாட்டுக்குப் போகவேண்டா என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, பிள்ளைகள் மிகுதியாகச் செய்யும் பிழை பற்றியது. 2 லிட்டர் 50 மில்லிலிட்டர் என்பதை 2.50 லிட்டர் என்று எழுதுகின்றனர். சரியான விடை 2.05 லிட்டர். இதனை வெறும் கவனக்குறைவு என்று தள்ளிவிடலாகாது. பேச்சில் லிட்டரும் மில்லிலிட்டரும் நாழியும் உழக்கும் போல இரு தனிச் சொற்கள். எழுத்தில் அவை ஓர் எண்ணின் இடமதிப்புகள். பேச்சுமுறையிலிருந்து எழுத்துமுறைக்கு மாறும்போது பிள்ளை தடுமாறுகிறது. 50 மில்லிலிட்டர் என்பது ஆயிரத்தில் ஐம்பது என்று ஒருமுறை தமிழில் வாய்விட்டுச் சொல்லச் செய்தால் இத்தடுமாற்றம் பெரிதும் நீங்கும். அதற்கு முன், ஒரு லிட்டர் நீரை 50 மில்லிலிட்டர்க் குவளையால் இருபது முறை முகந்து ஊற்றச் செய்தால் இன்னும் நன்று.

மூன்றாவது, வீட்டு மருந்து. மருந்துப் புட்டியில் ஒரு தேக்கரண்டி என்றிருந்தால் 5 மில்லிலிட்டர். மேசைக்கரண்டி என்றிருந்தால் 15 மில்லிலிட்டர். நம் வீட்டுக் கரண்டிகளோ ஒன்றுபோல் ஒன்று இல்லை. மேலும், வீட்டில் எல்லாவற்றையும் கரண்டி என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். சொல் மயங்கினால் குழந்தைக்கு மும்மடங்கு மருந்து சேர்ந்துவிடும். பாண்டத்தின் பெயரே அளவின் பெயராகிய பழைய சிக்கல் இன்றும் நம் அடுக்களையில் உயிரோடிருக்கிறது. மருந்தோடு வரும் அளவுக்குவளையைப் பயன்படுத்துங்கள் என்று பிள்ளைகள் தம் பெற்றோருக்குச் சொல்லட்டும்.

ஆகவே, எந்த மாற்றுக் கணக்கிலும் பேனாவை எடுப்பதற்கு முன் மாணவர்கள் மூன்று வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். தரப்பட்ட எண் எந்த அலகில் உள்ளது, அந்த அலகு யாருடையது? விடை எந்த அலகில் வேண்டும்? விடை முதல் எண்ணைவிடப் பெரிதாக வரவேண்டுமா, சிறிதாக வரவேண்டுமா? கேலன் என்று கண்டால், அது 4.546 லிட்டர் கொண்ட ஆங்கில கேலனா, 3.785 லிட்டர் கொண்ட அமெரிக்க கேலனா என்று கேட்கட்டும். இவ்வினாக்களுக்கு விடை கண்டபின் எஞ்சியிருப்பது பெருக்கல் மட்டுமே; அதனை இக்காலக் கருவிகளும் செய்துவிடும்.

தங்காக்கைச் சூழ்ந்த தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. கேலன் வாளியைக் கண்டறியாத தலைமுறை வந்துவிட்டது. அவர்கள் பாட்டன் பாட்டிமார் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றனர். ஆசிரியர்கள் ஒரு சிறு பணியை மாணவர்க்குத் தரலாம். வீட்டிலுள்ள முதியவரிடம் சென்று, அவர் பால் அளந்த முறையையும், கடையில் எண்ணெய் வாங்கிய அளவையும், அரிசி அளக்கப் பயன்படுத்திய பால் டின்னையும் பற்றிக் கேட்டு எழுதிவரட்டும். அச்சொற்களின் எதிரே லிட்டரிலும் மில்லிலிட்டரிலும் அளந்து எண்ணை எழுதட்டும். கணக்கும் கற்றதாகும், எரிந்துபோன சீட்டுகளைப்போல் அச்சொற்களும் அழியாமல் ஏட்டில் நிற்கும்.